கோட்: குறியீடா, நிரலா?

மதுரையில் பொறியியல் படிக்கும் பிள்ளையிடம் “என்னப்பா பண்றே?” என்று கேட்டால், “கோட் அடிச்சுக்கிட்டிருக்கேன்” என்பான். அதுவே செய்தித்தாளுக்கு வரும்போது “கணினிக் குறியீடு எழுதுகிறார்” என்று அச்சாகிறது. அகராதியில் அப்படி இருக்கிறது, சரி. ஆனால் ஓர் அறிவியல் விதியைக் கணினிக்கு எழுதிக் கொடுக்கும்போது உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தால், குறியீடு என்ற சொல் பாதி வேலையைத்தான் சொல்கிறது. மீதியைச் சொல்வது நிரல்.

முதலில் கோட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் காடெக்ஸ் என்றால் அடிமரம். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதி, பலகைகளைச் சேர்த்துக் கட்டினால் அது கோடெக்ஸ், அதாவது நூல். நம் ஏடும் சுவடியும் போலத்தான். ரோமானியச் சட்டங்களைத் திரட்டிய ஜஸ்டினியனின் தொகுப்புக்கும் (கி.பி. 529) இதே பெயர். அதன் வழியே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கோட் என்றால் சட்டத் தொகுப்பு என்று ஆனது. தந்தியும் போர்ச்செய்தியும் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்து அனுப்பும் முறைக்கும் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. கூட்டலுக்கு ஓர் எண், கழித்தலுக்கு ஓர் எண் என்று தொடக்கக் காலக் கணினிகளுக்கு ஆணைகளை எண்களாகவே கொடுத்தார்கள். தந்திக்கால வழக்கு அப்படியே கணினிக்குள் வந்தது. தமிழில் குறியீடு என்று பெயர்த்தவர்கள் இந்தப் பொருளைத்தான் பிடித்தார்கள். (பேச்சில் இது ‘கோடு’ ஆகி, வரையும் கோட்டோடு கலந்துவிட்டது வேறு கதை.)

இனி நிரல். இதற்கு வரிசை, ஒழுங்கு என்று பொருள். தொல்காப்பியமே ‘நிரல்நிறை’ என்று ஒரு பொருள்கோளை, அதாவது செய்யுளில் சொற்களைப் பொருத்திப் பொருள் கொள்ளும் முறையைச் சொல்கிறது. “அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது” என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று வரிசை மாறாமல் பொருத்திக்கொள்கிறோமே, அதுதான். பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும் பட்டியலுக்கு நிகழ்ச்சி நிரல் என்று பெயர். அதை ஆங்கிலத்தில் புரோகிராம் என்பார்கள். கணினிப் புரோகிராமும் அதே சொல்தான் என்பதால் நிரல் அங்கும் இயல்பாகப் பொருந்திக்கொண்டது. பிளஸ் டூ கணக்கில் அணியின் (மேட்ரிக்ஸ்) நெடுக்கு வரிசைக்கும் நிரல் என்றே பெயர் உண்டு. இடம் பார்த்தால் குழப்பம் வராது.

வரிசைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மழைக்காலத்தில் மதுரைக்காரர்கள் பேப்பரில் தேடும் வைகை அணை நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் கட்ட வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இதைக் கணினிக்கு எழுதும் ஒருவர், “66 அடியோ அதற்கு மேலோ இருக்கிறதா? ஆம் என்றால் முதல் எச்சரிக்கை. இல்லை என்றால் 68.5-ஐப் பார். அதுவும் இல்லை என்றால் 69-ஐப் பார்” என்று எழுதினார் என்று வைப்போம். எண்கள் எல்லாம் சரிதான். ஆனால் தண்ணீர் 70 அடி நின்றாலும் முதல் கேள்விக்கே ஆம் என்று பதில் வந்துவிடும். மூன்றாம் எச்சரிக்கை ஒருநாளும் வராது. 69-ஐ முதலில் கேட்க வேண்டும். கரையில் நிற்கும் மனிதருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினிக்குச் சொல்லியாக வேண்டும்.

அறிவியல் வாய்பாடு ஒன்று நிரலாவதையும் பார்க்கலாம். கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் மதுரைக்குப் பழக்கமான பொருள். ஆரோலேப் என்ற நிறுவனம் 1992 முதல் இங்கே அதைத் தயாரிக்கிறது. யாருக்கு எத்தனை பவர் லென்ஸ் வைப்பது என்று கணிக்க சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் ஆகிய மூவரும் 1980-ஐ ஒட்டி ஒரு வாய்பாடு தந்தார்கள்:

லென்ஸ் பவர் = 118.4 − (2.5 × கண்ணின் நீளம்) − (0.9 × கார்னியாவின் பவர்)

118.4 என்பது லென்ஸின் வகைக்கு ஏற்ப மாறும் எண். கார்னியா என்பது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலம்; டயாப்டர் என்பது பவரை அளக்கும் அலகு. கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர், கார்னியாவின் பவர் 44 டயாப்டர் என்றால் விடை 20.05. இருபது டயாப்டர் லென்ஸ் போதும். தாளில் கணக்கு முடிந்தது. அதே நீளத்தை யாராவது சென்டிமீட்டரில் 2.35 என்று போட்டுக் கணினியிடம் கொடுத்தால், கிட்டத்தட்ட 73 டயாப்டர் என்று வாய் கூசாமல் சொல்லும். நீளம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது வாய்பாட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை, படித்தவர் தலையில் இருக்கிறது.

மிகக் குட்டையான கண்ணுக்கும் நீண்ட கண்ணுக்கும் இந்த வாய்பாடு பிசகியது. ஆகவே பிறகு திருத்தம் வந்தது: நீளம் 22-க்கும் 24.5-க்கும் இடையில் இருந்தால் மாற்றம் வேண்டாம், அதற்குக் கீழே ஒவ்வொரு மில்லிமீட்டர் படிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த 118.4-உடன் கூட்டு, 24.5-ஐத் தாண்டினால் அதிலிருந்து அரை கழி. பேச்சில் இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். சரியாக 22 என்றால் எந்தப் பக்கம்? நிரல் எழுதுகிறவர் இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இப்போது இதைவிட நுட்பமான வாய்பாடுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றிலும் இந்தக் கேள்விக்கு விலக்கில்லை.

ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியின் பெயரே ‘வாய்பாட்டு மொழிபெயர்ப்பு’ என்பதன் சுருக்கம்தான். ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம்மில் 1957இல் வெளியிட்டது. ஆனால் வெறும் மொழிபெயர்ப்பு என்று சொல்வது அடக்கம். கணக்கில் சமக்குறி என்றால் இரு பக்கமும் ஒன்று. ஃபோர்ட்ரானில் அது “வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் வை” என்ற கட்டளை. சமன்பாட்டுக்கு முன் பின் கிடையாது, கட்டளைக்கு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டு சஸ்மனும் ஜாக் விஸ்டமும் இயக்கவியலையே நிரல் எழுதிக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை 2001இல் கொண்டுவந்தார்கள். வழக்கமான எழுத்துமுறையில் மறைந்துகிடக்கும் தெளிவின்மை, நிரலாக எழுதும்போது மாட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கணினி இல்லாமலும் நிரல் இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து (எண்களை எழுத்துகளாக மாற்றிச் சொல்லும் தொடர்கள்) எண்களை எடுத்து, கூட்டு, கழி, தள்ளு என்று படிப்படியாகப் போனார். தொடக்கம் சுமார் 4 நிமிடம்தான் பிசகியது; நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். அந்தப் படிகளுக்குப் பின்னால் இருந்த வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறிப்பிடுகிறார். வாக்கியங்களில் எழுத்துக்கு எண் நிற்பது குறியீடு. எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பது நிரல். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மதுரைப் பக்கம் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படியானால் எதை எங்கே எழுதுவது? எழுதப்படும் ஆணைத்தொடர் நிரல். எழுதும் வேலை நிரலாக்கம். மனிதர் எழுதிய மூல வடிவம் மூலநிரல். கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் இது நன்றாகவே ஊறிவிட்டது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் நிரலின் ஒரு கூறுக்கு ‘நிரல்பாகம்’ என்றே பெயர். அறிவியல் விதிகளை இப்படி எழுதுவதை அறிவியல் நிரலாக்கம் எனலாம். அஞ்சல் குறியீட்டு எண், உயிரணுவின் மரபுக் குறியீடு (ஜெனெடிக் கோட்) ஆகியவற்றில் குறியீடு இருக்கட்டும். அங்கே ஒன்றுக்கு ஒன்று நிற்பதுதான் விஷயம்.

நிரலும் எட்டாத இடம் ஒன்று உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்துக் கண்டறியக் கூகுள் ஆய்வாளர்கள் கணினியைப் பழக்கினார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் 1,28,000-க்கும் மேற்பட்ட படங்கள். மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அவற்றில் உண்டு. அதில் பழக்கும் முறை மட்டுமே நிரல். எந்தப் புள்ளி ரத்தக்கசிவு, எது வெறும் நிழல் என்ற அறிவை யாரும் வரிசையாக எழுதிக் கொடுக்கவில்லை. கணினி படங்களிலிருந்து தானே திரட்டிய எண்களில் அது இருக்கிறது. அந்த எண்களை எடைகள் என்றும் மொத்தத்தை மாதிரி (மாடல்) என்றும் சொல்கிறோம். மாதிரி என்ற சொல் பொம்மைக்கும் தேர்வு வினாத்தாளுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்கெனவே ஓடி ஓடி உழைக்கிறது. இதற்கென்று தனிச்சொல் ஒன்று இன்னும் தேவைதான்.