முகட்டில் யானை ஏறுமா?

'மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முகட்டில் யானை இடம்பெற்றுள்ளது.' போன வாரம் ஒரு காணொளியில் கேட்டேன். இதோடு மூன்றாவது முறை. இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த அந்த ரெஜிமென்ட்டின் மையம் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. நீலகிரியில் முகட்டுக்கும் பஞ்சமில்லை, யானைக்கும் பஞ்சமில்லை. விவரம் தெரியாதவர் மலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

'கிரெஸ்ட்' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதால் வந்த வினை. லத்தீன் கிரிஸ்தா என்றால் சேவலின் கொண்டை. ஐரோப்பியக் குலச்சின்னங்களில் கேடயத்துக்கு மேலே, தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே கிரெஸ்ட். முழுச் சின்னத்தையும் அப்படிச் சொல்வது ஆங்கிலத்திலேயே பிழை. அந்தப் பிழையை நாம் பிழையாக மொழிபெயர்த்திருக்கிறோம்.

யானை என்றதும் பலம் என்று விளக்கம் வேறு. காரணம் அதுவல்ல. 1803 செப்டம்பர் 23 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அஸ்ஸாயேயில் சிந்தியா, போன்ஸ்லே என்ற மராட்டியத் தலைவர்களின் படைகளை ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி வென்றார். அவரோடு நின்று போரிட்ட மதராஸ் படையினருக்குக் கிடைத்த மரியாதை அந்த யானை.

சரி, என்ன சொல்லலாம்? 'சின்னம் வடசொல், இலச்சினை என்று எழுது' என்கிறார் தூயதமிழ் நண்பர் ஒருவர். இலச்சினை மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்? அது லாஞ்சனத்தின் வழி வந்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். தூய்மையை விடுங்கள், பொருளே பொருந்தவில்லை. இலச்சினை என்றால் முத்திரை. ஓலையில் குத்துவது, அரசாணையில் பதிப்பது. சிப்பாய் தொப்பியில் அணிவது முத்திரையா? போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டி அணிவது அது. சேரர் படை பனம்பூவும், பாண்டியர் படை வேம்பும், சோழர் படை ஆத்தியும் சூடியதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணமும் அதுதான்.

சின்னத்தைக் குறிக்கும் பொறி என்ற பழஞ்சொல்மேல் எனக்கு ஆசைதான். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கண்ட மூட்டைகளில் புலி பொறித்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. ஆனால் இன்று 'யானைப்பொறி' என்று எழுதினால் யானை பிடிக்கும் பொறி என்பார்கள். எலிப்பொறி கெடுத்த கெடுப்பு. ஆகவே நான் படைச்சின்னம் என்றே எழுதுகிறேன். தேர்தல் நேரத்தில் கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

அதே காணொளியில், யானையோடு குறுக்காக வைத்த இரண்டு வாள்களை, ஆங்கிலத்தின் 'கிராஸ்ட்' என்பதை அப்படியே பெயர்த்து, 'கடந்த வாள்கள்' என்றார்கள். எதைக் கடந்தனவோ!