ஷிம்மி பழகுகிறவர்களே, கீழ்முதுகை விட்டுவிடுங்கள்

இந்த மாதம் மட்டும் இது நான்காவது ஆள். நான்கு பேரும் பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறவர்கள், நான்கு பேருக்கும் வலி ஒரே இடத்தில்: கீழ்முதுகில், பெல்ட் கட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி. நான்காவதாக வந்த பெண் கையை அங்கே அழுத்திக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த அசைவில் வலிக்கிறது, செய்து காட்டுங்கள் என்றேன். எழுந்து நின்று நெஞ்சை மேலே வெட்டிக் காட்டினார். நெஞ்சு ஏறவே இல்லை. கீழ்முதுகு மட்டும் உள்பக்கமாக மடங்கி, 'டக்'கென்று ஓர் இடத்தில் போய் இடித்து நின்றது.

"இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?"

"ஒரு 200 தடவை இருக்கும் மேடம். இன்னும் ஷார்ப்பாக வரவில்லை, அதனால்தான் வேகமாக அடித்துப் பார்க்கிறேன்."

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த நடனத்தைச் சில வருடங்கள் கற்றும் இருக்கிறேன், அதனால் ஆடுவதை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் 'வேகமாக அடித்துப் பார்க்கிறேன்' என்ற அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

வெட்டு வேண்டுமென்றால் பலம் கூட்ட வேண்டும், இதுதான் எல்லோர் மனதிலும் இருக்கிற எண்ணம். ஹிப் லாக், அதாவது இடுப்பை ஒரு பக்கம் வெட்டி நிறுத்துவது, கூர்மையாக வரவில்லையா, இன்னும் ஓங்கி வீசு. நெஞ்சு வெட்டு மங்கலாக இருக்கிறதா, இன்னும் உதறு. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஓர் அசைவு பார்ப்பவர் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது அது எவ்வளவு பலமாகப் புறப்பட்டது என்பதால் வருவதில்லை. அது நின்ற விதத்தால் வருகிறது. புறப்படுகிற தசை ஒன்று, பிடித்து நிறுத்துகிற தசை வேறொன்று. வேகமான அசைவு எதை எடுத்தாலும் உடம்பு இப்படித்தான் செய்கிறது: ஒரு தசைக் கூட்டம் தள்ளிவிடும், எதிர்ப்பக்கத் தசைக் கூட்டம் பிரேக் போடும், பிறகு முதல் கூட்டம் மறுபடி லேசாக இறுகி அந்த இடத்திலேயே நிலைக்க வைக்கும். புதிதாகக் கற்பவரிடம் தள்ளுகிற வேலை முதல் நாளே இருக்கிறது. பிரேக் இருப்பதில்லை. பிரேக் இல்லாத வண்டியில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தால் என்ன ஆகும்?

அசைவு எங்காவது நின்றுதானே ஆக வேண்டும். தசை நிறுத்தாதபோது எலும்பு நிறுத்துகிறது. கீழ்முதுகை உள்ளே வளைத்து உதறும்போது ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும் இருக்கும் சிறு மூட்டுகள் ஒன்றோடொன்று போய் முட்டுகின்றன. அந்தப் பெண் காட்டியபோது நான் பார்த்த 'டக்' அதுதான். கண்ணாடியில் அது கூர்மையாகத் தெரியவும் செய்யும், அதுதான் இதில் இருக்கிற பெரிய ஏமாற்று. ஒரு நாளைக்கு 200 முட்டல், ஆறு வாரம். வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது, தூரத்தைப் பாதியாக்குங்கள். உங்கள் இடுப்பு பக்கவாட்டில் ஐந்து விரல் தூரம் போகும் என்றால், லாக் செய்யும்போது இரண்டு விரலில் நிறுத்துங்கள். எல்லைவரை போனால் பிரேக் போட இடமே இல்லை. பாதியில் நிறுத்தினால்தான் நிறுத்துவது நீங்களாக இருப்பீர்கள். மெதுவாகப் போய் நில்லுங்கள், நின்ற இடத்தில் ஒரு மூச்சு இருங்கள், அடுத்த வாரம் போகிற வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு விரல் தூரத்தில் வந்து அசையாமல் நின்ற லாக், ஐந்து விரல் தூரம் போய்த் தள்ளாடித் திரும்புகிற லாக்கைவிடப் பத்து மடங்கு கூர்மையாகத் தெரியும். தபலா சோலோவுக்கு (நம் தபேலா இல்லை, எகிப்தியக் கைமுரசின் தனி வாசிப்பு) ஆடுகிற நல்ல கலைஞர் யாரையாவது ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 'தும்' என்ற கனத்த அடிக்கு இடுப்பு இறங்கி நிற்கும், அடுத்த 'தெக்' வரும்வரை உடம்பில் எதுவும் அசையாது. அந்த அசையாமைதான் முன்பு நடந்ததைக் கூர்மையாக்கிக் காட்டுகிறது.

நெஞ்சு அசைவுக்கு நாற்காலிதான் மருந்து. நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில், ஒரு கை தொப்புளுக்கு மேல், இன்னொரு கையின் புறங்கை கீழ்முதுகில். இப்போது நெஞ்செலும்பை முன்னால் இரண்டு விரல், மேலே இரண்டு விரல். பின்கையில் முதுகு குழிந்தால் அது நெஞ்சு அசைவு இல்லை, மறுபடி செய்யுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூச்சை அடக்கினால் வயிறு ஒரு பலகையாகிவிடும், பலகை வைத்துக்கொண்டு நெஞ்சையும் இடுப்பையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

சரி, ஷிம்மிக்கு, அதாவது இடுப்பை விடாமல் வேகமாகக் குலுக்கும் அசைவுக்கு வருவோம். இதிலும் அதே கீழ்முதுகுதான் மாட்டிக்கொள்கிறது. இடுப்பு ஆடுகிறது, ஆகவே இடுப்பை ஆட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கீழ்முதுகை இடமும் வலமும் உதறுகிறார்கள். கீழ்முதுகின் 5 எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கம் திரும்பக்கூடியது ஏறக்குறைய 5 முதல் 10 பாகைதான். திரும்புவதற்காக அமைந்த இடமே இல்லை அது. அதற்குக் கீழே இரண்டு தொடைகளும் இடுப்பில் சேருகிற பந்துக் கிண்ண மூட்டுகள் இருக்கின்றன, அவை தாராளமாகத் திரும்பும். முறுக்கு ஷிம்மி அங்கிருந்து வர வேண்டும். மேலும் கீழும் ஆடுகிற ஷிம்மியோ முழங்காலிலிருந்து வருகிறது: ஒரு முழங்கால் நீளும்போது அந்தப் பக்க இடுப்பு ஏறும், மற்றது மடங்கும்போது அந்தப் பக்கம் இறங்கும். முழங்கால்கள் மாறி மாறி வேலை செய்ய, இடுப்பு தன் பாட்டுக்கு அதன்மேல் மிதக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஷிம்மி ஆடுவதற்குப் பேர்போன எகிப்தியக் கலைஞர் ஃபிஃபி அப்தோ. அவர் ஆடும்போது தோளையும் முகத்தையும் கவனியுங்கள். தொடைக்கு மேலே யாருக்கும் அவசரமே இல்லை.

பிட்டத் தசைகளை மாறி மாறி இறுக்கி ஆடுகிற முறையும் ஒன்று உண்டு, அது தவறில்லை. ஆனால் ஒருவரிடம் அதைக் கற்று, வீடியோவில் முழங்கால் முறையைப் பார்த்து, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவர்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். பிட்டம் இறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் அதை அசைக்கப் போராட, நடுவில் இடுப்பின் முன்பக்கம் நெரிகிறது. ஒரு நேரத்தில் ஒரு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொல்வது! நீளட்டும், ஆனால் பூட்டும் முன் திரும்பட்டும். படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால் அது உங்கள் ஷிம்மி அனுப்புகிற செய்தி. சிமென்ட், டைல்ஸ் போன்ற கெட்டியான தரையில் நீண்ட நேரம் பழகுகிறவர்களுக்கு அது சீக்கிரம் வரும், ஒரு பாயாவது விரித்துக்கொள்ளுங்கள்.

காசு கோத்த இடுப்புத் துணியையும் பழகும்போது கழற்றி வையுங்கள். அது எப்படி ஆடினாலும் சத்தம் போடும், மோசமாக உதறினால் இன்னும் அதிகமாகப் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஷிம்மி வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

இனி லேயரிங், அதாவது ஓர் அசைவின் மேல் இன்னோர் அசைவை வைத்து ஆடுவது. ஷிம்மிக்கு மேலே மாயா (இடுப்பால் மேலிருந்து கீழாகப் போடும் எட்டு வடிவம்), ஷிம்மியோடு நடை, ஷிம்மிக்கு மேலே நெஞ்சு வட்டம். ஆடவும் பார்க்கவும் இதைவிட அழகானது இந்த நடனத்தில் குறைவு, அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான். இரண்டு அசைவையும் ஒரே நேரத்தில் கவனித்துச் செய்வதுதான் லேயரிங் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒருவராலும் முடியாது. கீழே ஓடுகிற அசைவு நீங்கள் கவனிக்காமலே ஓட வேண்டும், அப்போதுதான் மேலே ஒன்றை வைக்க முடியும். அது ஓடுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஷிம்மி ஆடிக்கொண்டே 100லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து வாய்விட்டு எண்ணுங்கள். 97, 94, 91. ஷிம்மி நின்றுபோனாலோ, தாளம் பிசகினாலோ, மூச்சு அடைத்தாலோ நீங்கள் இன்னும் தயாராகவில்லை. மேலே எதையும் வைக்காதீர்கள். வைத்தால் என்ன ஆகும் என்றால், கைவிட்டுப் போகிற ஷிம்மியைக் காப்பாற்ற உடம்பு தெரிந்த ஒரே வழியைப் பிடிக்கும், அதாவது கீழ்முதுகை இறுக்கிக்கொள்ளும். மறுபடி என்னிடம் வருவீர்கள்.

வேகத்தையும் கணக்கோடு ஏற்றுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு நான்கு அசைவு என்றால் நொடிக்கு 4. அது சுத்தமாக வரட்டும். அதே நான்கை 120 அடியில் செய்தால் நொடிக்கு 8, அது பல மாத வேலை, இரண்டு வாரத்தில் வராது. 2 நிமிடம் ஆடி, 1 நிமிடம் தொடையை உதறி ஓய்வு. தொடை எரிந்தால் பரவாயில்லை. மூட்டு வலித்தால் நிறுத்துங்கள். எரிச்சலுக்கும் வலிக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும், தெரியாத மாதிரி இருக்காதீர்கள். இடுப்பின் ஒரு பக்கத்தைச் சட்டென்று இறக்குகிற ஹிப் டிராப்பை நன்றாக வருகிற பக்கத்திலேயே பழகிக்கொண்டிருக்க வேண்டாம், வராத பக்கத்தில்தான் முதலில் தொடங்க வேண்டும்.

உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கையும் முழங்காலும் பின்னால் வளையும், காலை மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் வைக்க முடியும் என்றால் வகுப்பில் எல்லோரும் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எனக்கோ பயமாக இருக்கும். உங்கள் மூட்டுகளின் கட்டுகள் தளர்வானவை, எல்லை எங்கே என்று உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். பாதித் தூரம் என்று மேலே சொன்னது மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் முக்கியம். கூடவே பிட்டத்துக்கும் வயிற்றுக்கும் வலுப்பயிற்சி வாரம் இரண்டு முறை.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஷிம்மி ஆடும்போது சிறுநீர் கசிந்தால், பேட் வைத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் இன்னும் மீளவில்லை என்பதுதான் பொருள். பெரும்பாலானோருக்குச் சரியான பயிற்சியால் நன்றாகக் குறைகிறது. அதுவரை எட்டு வடிவம், வட்டம் போன்ற மெதுவான அசைவுகளை ஆடலாம், வெட்டும் குலுக்கலும் கொஞ்சம் பொறுக்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடராதீர்கள், வயிற்று வெட்டுகள் வேண்டவே வேண்டாம்.

எப்போது ஓடி வர வேண்டும்? வலி பிட்டத்தைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க வலு குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். இரண்டு தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, போகவே முடியாமல் அடைத்துக்கொண்டாலோ அன்றே, அந்த மணி நேரமே அவசர சிகிச்சைப் பிரிவு, என்னிடம்கூட இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முதுகைப் பின்னால் வளைத்தால் ஒரு பக்கம் குத்துகிற வலி சில வாரங்களாக இருந்தால், சதைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம், பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். "இன்னும் பவர் வேண்டும்" என்று வகுப்பில் கத்தும் முன் அந்த மாணவியின் பக்கவாட்டில் போய் நின்று ஒருமுறை பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கீழ்முதுகு என்ன செய்கிறதென்று தெரியாது. கண்ணாடி முன்னால்தான் இருக்கிறது, தப்பு பின்னால் நடக்கிறது.

நான்காவதாக வந்த பெண்ணுக்கு மூன்று வாரம் நெஞ்சு வெட்டை நிறுத்தச் சொன்னேன், முகம் வாடிப்போனது. நாற்காலிப் பயிற்சியும் நடையும் வயிற்றுக்கு வலுவும் மட்டும் கொடுத்தேன். நேற்று வந்து, உட்கார்ந்தபடியே இரண்டு விரல் தூரத்துக்கு நெஞ்சைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். பின்கையில் ஒன்றும் அசையவில்லை.

வலியோடு வருகிறவர்கள் மூன்றாவது மாதத்தில் வராமல் முதல் வாரத்திலேயே வாருங்கள். வரும்போது நீங்கள் பழகுகிற வீடியோ ஒன்றை எடுத்து வாருங்கள். அழகாக ஆடிய வீடியோ வேண்டாம், களைத்துப்போன கடைசி ஐந்து நிமிடத்தை, பக்கவாட்டிலிருந்து எடுத்தது.