புது ரயில் பாதை: அறிவிப்பு முதல் ஓட்டம் வரை

'புதிய ரயில் பாதைக்கு ஒப்புதல்' என்று செய்தி வந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாட்டம் தொடங்கிவிடும். எதற்கு ஒப்புதல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் அது வெறும் சர்வேக்கான ஒப்புதல்தான்.

பாதை எந்த ஊர் வழியாகப் போகும், எத்தனை பாலம் வேண்டும், எவ்வளவு நிலம் தேவை, ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்பதையெல்லாம் சர்வேயில் பார்ப்பார்கள். அப்புறம் விரிவான திட்ட அறிக்கை தயாராகும். மாநில அரசுகளின் கருத்து, நிதி ஆயோக் பரிசீலனை, நிதி அமைச்சகம் என்று கோப்பு சுற்றும். பெரிய திட்டமென்றால் மத்திய அமைச்சரவை வரை போகும். இதில் எந்த இடத்திலும் அது நின்றுவிடலாம்.

சரி, ஒப்புதல் கிடைத்துவிட்டது. பணம்? ரயில்வேக்கென்று இருந்த தனி பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் எந்தத் திட்டத்துக்கு அந்த ஆண்டு எவ்வளவு என்ற கணக்கு 'பிங்க் புக்' என்ற ஆவணத்தில் மண்டலவாரியாக வரும். ரயில்வே இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மேடைப் பேச்சை விட இதைத்தான் நம்ப வேண்டும். தமிழ்நாட்டுப் பாதைகள் சிலவற்றுக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகளும் உண்டு. பட்டியலிலிருந்து பெயர் விழாமல் இருக்கத்தான் அந்த ஆயிரம். அதில் ஒரு வண்டி ஜல்லிகூட வராது.

அடுத்தது நிலம். அதை எடுத்துக் கொடுப்பது மாநில அரசின் வேலை. புதுப் பாதைகள் இழுப்பது பெரும்பாலும் இங்கேதான். இருக்கும் பாதையை இரட்டையாக்குவதில் இந்தத் தலைவலி குறைவு. மதுரைக்குத் தெற்கே மிச்சமிருந்த ஒற்றைப் பாதை 2024-இல் இரட்டையானதும், சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட (கிராசிங்) பக்கத் தண்டவாளமான லூப் லைனில் காத்துக் கிடக்கும் தொல்லை போனது.

அடிக்கல் நாட்டினாலும் பாதை உறுதியில்லை. 2019 மார்ச் 1 அன்று பிரதமர் ஒரே விழாவில் புதிய பாம்பன் பாலத்துக்கும் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதைக்கும் அடிக்கல் நாட்டினார். தனுஷ்கோடிப் பாதைக்குச் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அது கிடப்பில் போனது. பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது.

அந்தப் பாலமும் கட்டி முடித்த உடனே திறக்கப்படவில்லை. எந்தப் புதுப் பாதையிலும் பயணிகள் ரயில் ஓட ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். தண்டவாளம் போட்டவர்களே அதற்குச் சான்றும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 2024 நவம்பரில் பாம்பனை ஆய்வு செய்த ஆணையர் துருப்பிடிப்பு உட்படப் பல குறைகளை எழுதினார். அனுமதி கொடுத்தபோதும் பாலத்தில் மணிக்கு 75 கி.மீ., கப்பல் போக மேலே தூக்கப்படும் பகுதியில் 50 கி.மீ. என்று வேகத்துக்கு வரம்பு வைத்துத்தான் கொடுத்தார்.