கூட வந்தவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

என் கிளினிக்குக்கு வயதானவர்கள் தனியாக வருவது அபூர்வம். மகளோ மருமகளோ கூட வருவார். ஃபைல் அவர் கையில்தான் இருக்கும். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று மனப்பாடமாகச் சொல்வதும் அவர்தான். "உங்களுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் மட்டும், "எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

அப்படி மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. "அரிசி, பல்பம், ஐஸ்னு ஏதாவது மெல்லணும்னு தோணுதா?" என்று கேட்டதும் சிரித்து மழுப்பினார். மாமியார்தான் போட்டு உடைத்தார்: "உலை கொதிக்கிறதுக்குள்ள ஒரு பிடி அரிசிய மென்னு முடிச்சிடுவா டாக்டர். சொன்னாக் கேக்க மாட்டா."

அது கெட்ட பழக்கம் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது பலருக்கு வரும் ஏக்கம் அது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இவருடையது கடுமையான நிலை. மாதவிடாய் பற்றி விசாரித்தேன். எட்டு நாள் போகிறது, நாப்கினை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகவும் வருகிறது. "இத்தனை வருஷமா ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றதற்கு, "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் டாக்டர்" என்றார்.

இந்தப் பதில்தான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டில் நாலு பேருக்கு இருக்கிற நோய், நோயாகவே தெரியாமல் போய்விடுகிறது. அம்மாவுக்கு எப்போதும் அசதி, அக்காவுக்கு அடிக்கடி தலைசுற்றல், பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படுக்கை. கேட்டால், 'எங்க உடம்பு வாகு அப்படி.' தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக அது இயல்பாகிவிடாது.

ஸ்கேன் எடுத்ததில் அவருக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. வெறும் டானிக்கை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தால், ஒரு பக்கம் ஏற்றுவது இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கும். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். கூடவே, கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு 10-க்குக் கீழே இருந்தது.

பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தம் ஊறவைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிறம்தான் சிவப்பு, இரும்புச்சத்து அதில் குறைவு. அந்தக் காலத்துப் பாட்டிகள் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) வாங்கிக் கொடுத்ததில் நல்ல விவரம் இருக்கிறது. அதிலிருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக ஏற்றுக்கொள்ளும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கீரை, பயறு, கேழ்வரகோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 7, 8 என்று இறங்கியபின் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சிலருக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பின் போடுங்கள், இல்லை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். டீ, காபியோடு மட்டும் வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்திலேயே தெம்பு வந்துவிடும். அப்போது நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் தலசீமியா தன்மையோ (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) வைட்டமின் பி12 குறைபாடோ இருக்கலாம். வேறு பரிசோதனை தேவைப்படும்.

அப்புறம், வீட்டில் ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கோ ஹீமோகுளோபின் குறைந்தால் 'வயசாச்சு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் எங்கேயோ கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். மூட்டு வலி மாத்திரையால் வந்த வயிற்றுப் புண், மூலம், சில சமயம் குடலில் புற்றுநோய் என எதுவாகவும் இருக்கலாம். இவர்களுக்கு இரும்பு மாத்திரையோடு நிறுத்தாமல் எண்டோஸ்கோபி (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.