வலது கிளிக்குக்கு யார் பதில் சொல்வது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு உரக்கடையின் பில் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். திரையில் விதைநெல் பட்டியல்: ஆடுதுறை 45, கோ 51, சி.ஆர். 1009. ஒரு வரியில் வலது கிளிக் செய்தால் ‘விலை மாற்று’, ‘இருப்பு’, ‘நீக்கு’ என்று மெனு விரியும்.

எப்போது விரியும்? விண்டோஸில் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகு, மேக்கில் அழுத்தியதுமே. மேக்கில் விரலை எடுக்காமல் இழுத்துப்போய் வேண்டிய இடத்தில் விட்டால் அதுவே தேர்வாகிவிடும். எது சரி என்று வாதாடிப் பயனில்லை, அவரவர் கைப்பழக்கம். கியூட் (Qt) போன்ற லைப்ரரி, அதாவது ஜன்னல், பொத்தான், மெனு எல்லாம் செய்ய மென்பொருள் எழுதுவோர் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு, அந்தந்த இயங்குதளத்தின் போக்கிலேயே போகிறது.

ஆனால் மெனு கேட்க வலது பொத்தான் ஒன்றுதான் வழி என்று லைப்ரரி நினைக்கக் கூடாது. கீபோர்டில் ஷிப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துவோர் உண்டு. தொடுதிரையில் விரலை ஊன்றிப் பிடிப்போர் உண்டு. ஐபோனில் இதற்கு இயல்பான கெடு அரை விநாடி. எல்லாவற்றையும் ‘மெனு வேண்டும்’ என்ற ஒரே கோரிக்கையாக மாற்றுவதுதான் நல்ல வடிவமைப்பு. கீபோர்டில் கேட்டால் இடம் எது? விண்டோஸ் அப்போது, சுட்டிய இடம் இல்லை என்பதற்கு அடையாளமாக, இட எண்களாக -1, -1 என்று அனுப்பும். அதை நிஜ இடம் என்று நம்பும் மென்பொருளில் மெனு திரையின் இடது மேல்மூலையில் போய் விழும். தேர்ந்த வரியின் அருகே திறப்பதே முறை.

காவிரித் தண்ணீர் ஆறு, வாய்க்கால், வயல் என்று இறங்கிக் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். இந்தக் கோரிக்கை நேர்மாறு. கிளிக் விழுந்த ஆக உள்ளே இருக்கும் பெட்டிக்கு முதலில் போகும். அது கையை விரித்தால் அதைத் தாங்கும் பட்டியலுக்கு, பிறகு ஜன்னலுக்கு என்று மேலேறும். கியூட்டில் ஒரு பெட்டிக்கு ‘மெனு இல்லை’ என்று அமைப்பதிலேயே இரண்டு வகை: ‘நோகான்டெக்ஸ்ட்மெனு’ கோரிக்கையை மேலே தள்ளிவிடும்; ‘ப்ரிவென்ட்கான்டெக்ஸ்ட்மெனு’ அங்கேயே மறித்துவிடும். வரைபடத்தை வலது பொத்தானால் இழுத்து நகர்த்தும் மென்பொருளுக்கு இரண்டாவதுதான் தேவை.

மிகவும் வம்பான இடம் தேர்வு. ஐந்து வரிகள் தேர்வில் இருக்கும்போது அவற்றில் ஒன்றின்மேல் வலது கிளிக் விழுந்தால் ஐந்தும் அப்படியே இருக்க வேண்டும். வேறு வரியில் விழுந்தால் தேர்வு அந்த ஒன்றுக்கு மாறி, அதன்பிறகே மெனு திறக்க வேண்டும். மாறாமலே திறந்தால், கடைக்காரர் கோ 51-ஐக் கிளிக் செய்து ‘நீக்கு’ என்பார். பழைய ஐந்தும் போய்விடும்.