கடலூரில் குறைந்த வாடகைக்கு வீடு: மீட்டரையும் சுவரையும் பாருங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் குடிபோவதில்லை. வீடு தேட அவைதான் நல்ல மாதங்கள். காலி வீடு பூட்டியே கிடக்கும் என்று உரிமையாளருக்குத் தெரியும். ஆடியிலேயே பேசி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம் என்றால் வாடகையில் பலர் இறங்கி வருவார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் அந்தப் பேச்சே எடுபடாது.

மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூரில் பெரிய தெரு வீடுகள் தரகர் வழியாகத்தான் வரும். கமிஷனாக ஒரு மாத வாடகை போய்விடும். உள்தெருக்களில் நடந்து, மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் விசாரியுங்கள். கேட்டில் அட்டை மாட்டுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீடு பிடித்துவிட்டால் முதல் கேள்வி: மீட்டர் தனியா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். கீழ் வீடும் மாடியும் ஒரே இணைப்பில் இருந்து, ஆளுக்கு 280 யூனிட் ஓடினால் மீட்டர் 560 காட்டும். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும்; 500ஐத் தாண்டியதும் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். சப்-மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும். கடைசி மூன்று பில்களைக் கேட்டுப் பாருங்கள். யூனிட் விலையையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பாருங்கள், சோப்பு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். வாரம் மூன்று கேன், கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாய் கூடுதல் வாடகை என்றே கணக்கிடுங்கள்.

தென்பெண்ணை, கெடிலம் ஆற்றங்கரைப் பகுதிகளில் வாடகை குறைவாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணை திறந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். உரிமையாளர் சொல்வது மட்டும் போதாது. சுவரில் இரண்டடி உயரத்தில் உப்புப் பூத்திருப்பது, கதவு நிலையின் அடி உளுத்திருப்பது, கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருப்பது, இவை எல்லாம் தண்ணீர் நின்ற அடையாளங்களாக இருக்கலாம்.

அட்வான்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆனால் "வேறு உடன்பாடு இல்லாதபோது" என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி திரும்ப வர வேண்டும். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இன்றே எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வாடகையே வேண்டாம், மொத்தமாகச் சில லட்சம் கொடுங்கள் என்று போக்கியத்துக்கு அழைப்பார்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு முன், வீட்டின் பேரில் பதிவான கடன், அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், அது கட்டாமல் ஏலத்துக்கு வரும்போது வங்கிக்குத்தான் முதல் உரிமை.