குளத்தில் யாரும் மருந்து கலக்கவில்லை

நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அழைப்பு. "சேர், யாரோ குளத்தில் மருந்து கலந்துவிட்டார்கள். நேற்று விட்ட குஞ்செல்லாம் செத்துக் கிடக்கிறது." மலையகத்தில் நன்னீர் மீன் வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன் நான். இதே வார்த்தைகளை இந்த ஆண்டில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். பொறுமை போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது மேல் லயத்துக்காரர்கள் (லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு கரையிலும் கீழ் லயத்துக்காரர்கள் மறுகரையிலும் நின்றார்கள். மேல் லயத்துப் பையன் ஒருவன் மீது பழி விழுந்திருந்தது. பொலிசில் முறையிடலாமா என்று தோட்டத் தலைவர் கேட்டார். விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகள் கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அவற்றுக்கு நடுவே தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. பீலியில், அதாவது குழாய் வழியே வரும் ஊற்றுத் தண்ணீர் விழும் மூலையில், இரண்டு வருடங்களுக்கு முன் விட்ட கெண்டைகள் முதுகு தெரியப் புரண்டன.

தலைவரைக் கைபிடித்து அழைத்துப்போய் அதைத்தான் காட்டினேன். மீனைக் கொல்லும் அளவுக்கு மருந்து கலந்த குளத்தில் சாவு ஆள் பார்த்து வராது. பழைய மீனும் சாகும், தலைப்பிரட்டையும் சாகும், தண்ணீரின் மேல் ஓடும் பூச்சியும் காணாமல் போகும். இங்கே நேற்று வந்தவை மட்டும் செத்திருக்கின்றன. முன்பே இருந்தவற்றுக்கு ஒரு கேடும் இல்லை. எந்த விஷத்துக்கு ஐயா யார் நேற்று வந்தவர், யார் முன்பே இருந்தவர் என்று தெரியும்? தலைவர் தலையை ஆட்டினார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல் நாள் நடந்ததைக் கேட்டேன். தாழ்நிலத்துப் பண்ணையிலிருந்து விடியுமுன் புறப்பட்ட லொறி ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. குஞ்சு விடும் விழாவுக்குப் பிரதம அதிதி வந்தது ஒரு மணிக்கு. அதுவரை குஞ்சுப் பைகள் லொறியிலேயே வெயிலில் கிடந்தன. பிறகு மாலை, பேச்சு, புகைப்படம். பையை அறுத்துக் கவிழ்த்தார்கள். பை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு ஓர் அம்மா சொன்னார்: "கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வெதுவெதுப்பாக இருந்தது." குளத்தில் வெப்பமானியை இறக்கினேன். 16 பாகை. இதற்கு மேல் என்ன விளக்குவது? பொலித்தீன் பையில் மணிக்கணக்கில் தன் கழிவிலேயே கிடந்து சோர்ந்த குஞ்சை வெந்நீரிலிருந்து பச்சைத் தண்ணீரில் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு மூன்று பாகை வித்தியாசம் என்றால் தாங்கும். பத்துப் பாகைக்கு மேல் எப்படித் தாங்கும்?

இத்தனைக்கும் செய்ய வேண்டியது அதிகமில்லை. பையைக் கட்டோடு குளத்தில் அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். அவிழ்த்தபின் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு இன்னும் கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக நீந்திப் போகும். குஞ்சு வாங்கும்போது முதல் நாளிலிருந்து தீனி போடவில்லைதானே என்று பண்ணையில் கேளுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு வழியிலேயே பைத் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, அந்த உயரத்துக்குத் திலாப்பியாவை யார் சிபாரிசு செய்தார்கள்? 1952இல் மொசாம்பிக் திலாப்பியாவும் 1975இல் நைல் திலாப்பியாவும் இலங்கைக்கு வந்தன. உலர் வலயக் குளங்களில் அவை பெருகி ஏழைகளின் சட்டியை நிரப்பின. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திலாப்பியா நன்றாக வளர 25 முதல் 30 பாகை வேண்டும். நுவரெலியாவின் சராசரியே ஏறக்குறைய 16. பிழைத்துக் கிடந்தாலும் தின்னாது, வளராது. ஒரு வருடம் கழித்து "உள்ளங்கை அளவுகூட இல்லையே" என்று என்னிடம் வருவார்கள். குளிர் தாங்கும் சாதாக் கெண்டையை விடுங்கள். அந்தக் குளத்து மூலையில் புரண்டவையே சாட்சி.

அன்று குளக்கரையில் மருதங்கன்றுகளும் நட்டிருந்தார்கள். மரம் என் தொழில் இல்லை. ஆனாலும் தாழ்நிலத்து ஆற்றங்கரையில் நிற்கிற மரம் அது. கன்றுகளைச் சுற்றி வேலியும் இல்லை, பத்தடி தூரத்தில் ஆடு கட்டியிருந்தது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பலர் பசி என்று நினைத்து இரவு மிஞ்சிய சோற்றைக் கொட்டுகிறார்கள். அது பசி இல்லை, மூச்சுத் திணறல். பச்சைப் பாசி பிடித்த குளத்தில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பது விடியும் வேளையில்தான். கொட்டிய சோறு அழுகி மிச்ச ஒட்சிசனையும் தின்றுவிடும். அந்த நேரத்தில் தீனியை நிறுத்திப் பீலித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். மற்ற நாட்களிலும் கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள்.

தேயிலை மண் புளிப்பு மண், மீனுக்கு அது ஆகாது. குளத்தை வற்றவிட்டு, புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்பைத் தூவி, இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் நிரப்புங்கள். மிஞ்சிய குஞ்சுகளைத் தயவுசெய்து ஓயாவில், அதாவது ஆற்றில், விடாதீர்கள். ஆங்கிலேயர் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த வானவில் ட்ரவுட் மீன், ஹோர்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் இருக்கிறது. வேறெங்கும் இல்லாத சிற்றிறால் இனம் ஒன்று வாழ்வதும் அதே ஓடைகளில்தான். விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.

மருந்து வைத்தவனைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. நான் திரும்பி வரும்போது, பழி சொன்ன கீழ் லயத்து ஆள் ஒருவரே களைநாசினி தெளித்த தாங்கியைக் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டால், "கொஞ்சம்தானே சேர்" என்றார்.

இனிக் குஞ்சு விடுகிற நாளில் ஐம்பது குஞ்சுகளை நுளம்பு வலைத் துணியில் தைத்த கூட்டுக்குள் விட்டு, அதைக் குளத்திலேயே கட்டி வையுங்கள். மறுநாள் காலையில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி எனக்குச் சொல்லுங்கள். விழாவுக்கும் நான் எதிரி இல்லை. ஒரே ஒரு பையை மட்டும் பிரதம அதிதிக்கென்று நிழலான கரையோரத்தில் கட்டோடு மிதக்கவிடுங்கள். அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் அதைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். மற்றக் குஞ்சுகளாவது அதற்குள் நீந்திப் போயிருக்கும்.